தம்பூராவின் காந்தாரமும் பேனலில் எரியும் ஃபியூஸும்: ஆலைகளில் மின்தரம், ஹார்மோனிக்ஸ் பற்றி ஓர் எளிய விளக்கம்

கோயம்புத்தூரை அடுத்த ஒரு நூற்பாலையின் மின்னறையில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை என்னிடம் நீட்டினார்கள். திறந்தால், எரிந்துபோன ஃபியூஸ்கள் நாற்பதுக்குக் குறையாமல் உள்ளே கிடந்தன. அத்தனையும் பவர் ஃபேக்டரை உயர்த்த வைத்திருக்கும் கெப்பாசிட்டர் பேனலிலிருந்து கழற்றியவை. பேனலின் முகப்பில் இருந்த மீட்டரோ எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மின்னழுத்தம் 415 வோல்ட், பவர் ஃபேக்டர் (வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதம்) 0.99, மொத்த மின்னோட்டம் டிரான்ஸ்பார்மரின் தாங்குதிறனுக்குள் என்று எல்லாம் சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது. கெப்பாசிட்டர்களை ஒருமுறை முழுவதுமாக மாற்றியும் பார்த்துவிட்டார்கள். புதியவையும் சில மாதங்களில் வயிறு உப்பி நின்றன. அங்கே நெடுநாள் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன்தான் துப்பு கொடுத்தார். "சார், ரிங் பிரேமுக்கெல்லாம் டிரைவ் போட்டதுக்கப்புறம்தானுங்க இந்தத் தொல்லை. அதுவும் எப்பவும் இல்லீங்க, ரிலே எட்டாவது ஸ்டெப்ப எடுக்கறப்பத்தான் போகுதுங்க."

ரிங் பிரேம் நூல் நூற்கும் இயந்திரம். டிரைவ் என்பது மோட்டாரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் மின்னணுக் கருவி. கெப்பாசிட்டர்களைத் தேவைக்கேற்ப ஸ்டெப் ஸ்டெப்பாகச் சேர்ப்பதும் விலக்குவதும் ரிலேயின் வேலை. நோய் என்ன, அது எங்கே பிறக்கிறது என்ற இரண்டுக்கும் அந்தப் பேச்சிலேயே விடை இருந்தது. மின்பொறியியல் படிக்காத ஆலை நிர்வாகிக்கும், புதிதாக வேலையில் சேர்ந்த டிப்ளமோ இளைஞருக்கும் அந்த விடை புரியும்படி, அடியிலிருந்து தொடங்கிச் சொல்லிப் பார்க்கிறேன்.

நல்ல மின்சாரம் எது

ஆலைக்கு வர வேண்டிய மின்சாரம், மூன்று ஃபேஸ்களிலும் ஒரே உயரத்தில், ஒன்றுக்கொன்று 120 பாகை தள்ளி, நொடிக்கு 50 முறை வழுவழுப்பாக ஏறி இறங்கும் சைன் அலையாக, இடையில் அறுபடாமல் வர வேண்டும். உயரம், வேகம், மூன்று ஃபேஸ்களின் சமநிலை, அலையின் வடிவம், தொடர்ச்சி ஆகிய இந்த ஐந்தில் எது பிசகினாலும் மின்தரம் கெட்டது என்கிறோம். வேகத்தை, அதாவது அதிர்வெண்ணை, ஆலைக்காரர் இப்போது பெரிதாகக் கவனிக்க வேண்டியதில்லை. தேசிய கிரிட் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பது விதி. மற்ற நான்கும்தான் ஆலையின் பணத்தைத் தின்கின்றன.

உயரம் சட்டென்று சரிந்து உடனே மீள்வதை மின்னழுத்தச் சரிவு என்பார்கள். ஆலையில் அதற்கு 'டிப்' என்றே பெயர். இயல்பான அளவில் 90 விழுக்காட்டுக்கும் 10 விழுக்காட்டுக்கும் இடையில் மின்னழுத்தம் விழுந்து, அரை சுழற்சியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் மீண்டால் அது டிப். பக்கத்து 11 கே.வி. லைனில் தென்னை மட்டை விழுந்து, அந்த லைனின் பிரேக்கர் தட்டுவதற்கு ஆகும் பத்தில் ஒரு பங்கு நொடிக்குள், நம் ஆலையின் மின்னழுத்தமும் சேர்ந்து விழும். விளக்கு ஒரு கணம் மங்கியதைக்கூடச் சிலர் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் மோட்டாரை இணைத்துவைக்கும் கான்டாக்டர் சுவிட்சின் காயில் பிடியை விட்டிருக்கும், டிரைவ் 'மின்னழுத்தம் குறைவு' என்று காட்டி நின்றிருக்கும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள் கொண்ட ரிங் பிரேமில் நூல்கள் அறுந்து கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாக ஒட்டித் திரும்ப ஓடவிடும் வேலையோடு ஒப்பிட்டால் அந்தப் பத்தில் ஒரு பங்கு நொடி ஒன்றுமே இல்லை. கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு மட்டும் ஒரு சிறிய யு.பி.எஸ். வைப்பதும், டிரைவில் தானே மீண்டு ஓடும் அமைப்பை இயக்கிவைப்பதும் இத்தகைய இடர்களில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும்.

சமநிலை கெடுவது இதைவிட அமைதியான தொல்லை. மூன்று ஃபேஸ்களுக்கிடையே 420, 415, 405 வோல்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி ஏறத்தாழ 413. அதிலிருந்து அதிகம் விலகியிருப்பது 405. விலகல் 8 வோல்ட், அதாவது 2 விழுக்காடு. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் மோட்டாரில் மின்னழுத்தச் சமமின்மை ஒரு பங்கு என்றால் மின்னோட்டச் சமமின்மை அதைப்போல் ஆறிலிருந்து பத்து மடங்கு வரை போகும். மின்னழுத்தச் சமமின்மை 3.5 விழுக்காட்டை எட்டினால் மோட்டார் சுருளின் வெப்ப உயர்வு கால் பங்கு கூடிவிடும் என்பது நெடுநாளாகப் புழங்கிவரும் கணக்கு. மோட்டார் அடிக்கடி ரீவைண்டிங் போகும் ஆலையில் ரீவைண்டிங் கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன் மூன்று ஃபேஸையும் ஒருமுறை அளந்து பார்த்துவிடுவது நல்லது.

மீதமிருப்பது அலையின் வடிவம். மேலே சொன்ன கோளாறுகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவை. வடிவக் கெடுதல் அப்படியன்று. அதைப் பெரும்பாலும் நம் இயந்திரங்களே உண்டாக்குகின்றன.

தெருக்குழாயில் மோட்டார் போட்டவர்

ஹீட்டரும் குண்டு பல்பும் மின்னழுத்தம் ஏறினால் அதிகம் எடுக்கும், இறங்கினால் குறைவாக எடுக்கும். எனவே மின்னழுத்த அலை எந்த வடிவமோ மின்னோட்டமும் அதே வடிவம். நேரடியாக ஓடும் இண்டக்‌ஷன் மோட்டாரில் மின்னோட்டம் சற்றுப் பின்தங்கி வரும் என்றாலும் வடிவம் கெடாது. இவற்றை நேரியல் சுமைகள் என்கிறோம்.

டிரைவின் கதை வேறு. அது வரும் மாறுமின்னோட்டத்தை முதலில் ஆறு டயோடுகளால் நேர்மின்னோட்டமாக மாற்றி, ஒரு பெரிய கெப்பாசிட்டரில் தேக்கி, அங்கிருந்து தனக்கு வேண்டிய அதிர்வெண்ணில் மோட்டாருக்குக் கொடுக்கிறது. தேக்கத்தில் ஏற்கெனவே மின்னழுத்தம் நிறைந்து நிற்பதால், வெளியிலிருந்து வரும் அலை உச்சியைத் தொடும் சிறு நேரத்தில் மட்டுமே டயோடு திறக்கும். அந்த நேரத்துக்குள் தனக்கு வேண்டியது மொத்தத்தையும் டிரைவ் ஒரே மூச்சில் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அடுத்த உச்சி வரும்வரை வாயை மூடிக்கொள்ளும். தெருக்குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சும் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அவர் எடுத்த தண்ணீரின் அளவு மற்றவர் எடுத்ததைவிடக் கூடுதலாக இல்லாமல்கூட இருக்கலாம். ஆனால் அவர் எடுக்கும் விதத்தால் அந்தக் குழாயை நம்பியிருக்கும் எல்லா வீட்டிலும் தண்ணீர் விட்டுவிட்டு வரும். ஆலையில் அந்தக் குழாய் டிரான்ஸ்பார்மர். டிரைவ் விட்டுவிட்டு இழுக்கும் மின்னோட்டம் டிரான்ஸ்பார்மரின் உள்மறிப்பின் (மின்னோட்டத்தைத் தடுக்கும் அதன் உள்குணத்தின்) வழியே வரும்போது அங்கே விட்டுவிட்டு மின்னழுத்தம் விழும். அதனால் அதே பஸ்பாரில் (மின்சாரத்தைப் பல சுமைகளுக்கும் பிரித்துத் தரும் உலோகப் பட்டையில்) இருக்கும் ஒரு பாவமும் அறியாத மோட்டாருக்கும் உச்சி மழுங்கிய அலையே கிடைக்கும்.

மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடும்போது இந்தக் கெடுதல் கூடுவதற்கும் இதுவே காரணம். டிரான்ஸ்பார்மரின் உள்மறிப்பு 5 விழுக்காடு அளவில் இருக்க, ஜெனரேட்டரில் அதற்கு ஈடானது 12 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும். குழாய் அத்தனை மடங்கு குறுகியது என்று கொள்ளலாம். வாரிய மின்சாரத்தில் ஒழுங்காக ஓடும் இயந்திரம் ஜெனரேட்டரில் மட்டும் முரண்டு பிடித்தால் சந்தேகத்தை முதலில் இங்கே திருப்பலாம்.

ஒரு நாதத்துக்குள் பல சுரங்கள்

பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் ஃபூரியே உலோகத்தில் வெப்பம் பரவுவதை ஆராய்ந்து 1807-இல் ஒரு கட்டுரை அளித்தார். திரும்பத் திரும்ப வரும் எந்த அலையையும், அது எவ்வளவு கோணலாக இருந்தாலும், பல சைன் அலைகளின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்ற கருத்து அதிலிருந்துதான் வேர்கொண்டது. முதல் அலை அடிப்படை அதிர்வெண்ணில் இருக்கும். மற்றவை அதன் முழு எண் மடங்குகளில், இரு மடங்கு, மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்று அமையும். இந்த மடங்கு அலைகளே ஹார்மோனிக்ஸ். பாடப்புத்தகத் தமிழில் சீரிசை என்ற சொல் உண்டு, மின்னறையில் ஹார்மோனிக்ஸ்தான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஐந்தாவது ஹார்மோனிக் 250 ஹெர்ட்ஸ், ஏழாவது 350 ஹெர்ட்ஸ்.

சொல்லே இசையிலிருந்து வந்ததுதான். நன்றாகச் சுருதி சேர்த்த தம்பூராவில், மந்தர ஷட்ஜத் தந்தியை மீட்டினால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழுந்து ஒலிப்பதைக் கேட்கலாம். சுயம்புவாக எழும் காந்தாரம் என்று வித்வான்கள் அதைச் சொல்வார்கள். அந்தத் தந்தி தன் அடிப்படை அதிர்வோடு ஐந்து மடங்கு அதிர்வையும் சேர்த்து எழுப்புவதால் வருவது அது. அதாவது ஐந்தாவது ஹார்மோனிக். கச்சேரி மேடையில் தம்பூராவுக்குப் பெருமை சேர்க்கும் அதே ஐந்தாம் மடங்குதான் ஆலையின் டிரான்ஸ்பார்மரைச் சூடாக்குகிறது.

எந்த மடங்கு பிறக்கும் என்பது சுமையின் அமைப்பைப் பொறுத்தது. அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தால் இரட்டைப்படை மடங்குகள் எழா. நியூட்ரல் இல்லாமல் மூன்று ஃபேஸில் மட்டும் இணைந்த சமநிலைச் சுமையில் மூன்றின் மடங்குகளும் எழா. இரண்டையும் கழித்துவிட்டால் ஆறு டயோடு டிரைவில் மீதமிருப்பவை 5, 7, 11, 13 என்று போகும் வரிசை. கொள்கையளவில் அவற்றின் அளவு, மடங்கு எண்ணின் தலைகீழ்: ஐந்தாவது அடிப்படையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 விழுக்காடு; ஏழாவது 14 விழுக்காடு; பதினோராவது 9 விழுக்காடு. எல்லாவற்றையும் இருபடியாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது மொத்த ஹார்மோனிக் சிதைவு, சுருக்கமாக டி.எச்.டி. இந்தக் கொள்கைக் கணக்கில் அது சுமார் 31 விழுக்காடு. ஆனால் மின்னோட்டத்தின் திடீர் ஏற்றத்தைத் தணிக்கும் சோக் என்ற கம்பிச்சுருள் எதுவும் இல்லாத மலிவான டிரைவில், முன்பு சொன்ன ஒரே மூச்சு உறிஞ்சலால், அது 80 விழுக்காட்டையும் தாண்டக்கூடும்.

கணினி, எல்.இ.டி. விளக்கு, யு.பி.எஸ். போன்ற ஒற்றை ஃபேஸ் சுமைகளில் முதன்மையாக எழுவது மூன்றாவது. அதற்கு ஒரு தனிக் குணம் உண்டு. மூன்று ஃபேஸின் அடிப்படை மின்னோட்டங்கள் நியூட்ரலில் சந்திக்கும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மூன்றாவது ஹார்மோனிக் அழியாது. 120 பாகை இடைவெளி மூன்று மடங்காகும்போது 360 பாகை ஆகிவிடுவதால் மூன்று ஃபேஸின் மூன்றாவது ஹார்மோனிக்கும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கி, நியூட்ரலில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு ஃபேஸிலும் அடிப்படை 100 ஆம்பியரும் மூன்றாவது 60 ஆம்பியரும் இருந்தால், ஃபேஸில் ஓடுவது மொத்தம் 117 ஆம்பியர். நியூட்ரலில் ஓடுவதோ 180 ஆம்பியர். நம் ஊரில் பரவலாக இழுத்திருப்பது மூன்றரை கோர் கேபிள். பெயரிலுள்ள அந்த 'அரை'தான் நியூட்ரல். நியூட்ரலில் என்ன பெரிதாக ஓடிவிடப்போகிறது என்ற பழைய நம்பிக்கையில் தடிமன் குறைத்துப் போடப்பட்டது. நிர்வாகக் கட்டடத்தின் பிரதான கேபிளில் நியூட்ரல் லக் (கம்பி முனையைப் பிடிக்கும் பகுதி) மட்டும் நிறம் மாறிக் கருகியிருந்தால் காரணம் அநேகமாக இதுவே.

உள்ளே என்ன செய்கிறது

ஹார்மோனிக் மின்னோட்டம் பயனுள்ள வேலை ஏதும் செய்வதில்லை. ஓடும் வழியெல்லாம் சூடாக்கிவிட்டுப் போகிறது. 100 ஆம்பியர் அடிப்படையோடு 40 விழுக்காடு சிதைவு சேர்ந்தால் மொத்தம் 108 ஆம்பியர்தான் ஆகிறது. ஆனால் செம்பில் இழப்பு 16 விழுக்காடு கூடிவிடும். அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் மேற்தோலை நோக்கி ஒதுங்குவதால் இழப்பு இன்னும் சற்றுக் கூடும்.

டிரான்ஸ்பார்மர் சுருளில் உண்டாகும் சுழல் மின்னோட்ட இழப்பு, மின்னோட்டத்தின் இருபடியோடு மடங்கு எண்ணின் இருபடியையும் பெருக்கி வளரும். ஐந்தாவது ஹார்மோனிக் 20 விழுக்காடு என்று கொள்வோம். 0.2-இன் இருபடி 0.04, 5-இன் இருபடி 25, பெருக்கினால் சரியாக 1. அதாவது ஐந்தில் ஒரு பங்கே இருக்கும் அந்த ஐந்தாவது, முழு அடிப்படை மின்னோட்டம் உண்டாக்கும் அளவுக்குச் சுழல் இழப்பைத் தானும் உண்டாக்குகிறது. ஏழில் ஒரு பங்காக இருக்கும் ஏழாவதுக்கும், பதினொன்றில் ஒரு பங்காக இருக்கும் பதினோராவதுக்கும் இதே விடைதான் வரும். சுழல் இழப்பு இயல்பில் மொத்த இழப்பின் சிறு பங்குதான் என்றாலும், அந்தச் சிறு பங்கு இப்படி நான்கைந்து மடங்கானால் 1000 கே.வி.ஏ. என்று பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் டிரான்ஸ்பார்மரை 1000 கே.வி.ஏ.வுக்கு ஓட்ட முடியாமல் போகும். கே-ஃபேக்டர் என்று தனியே மதிப்பிட்டு விற்கப்படும் டிரான்ஸ்பார்மர்கள் இந்த வெப்பத்தை முன்கூட்டியே கணக்கில் கொண்டவை.

மோட்டாரில் ஐந்தாவது ஹார்மோனிக் வேறொரு விதத்தில் தொந்தரவு தரும். அதன் ஃபேஸ் வரிசை தலைகீழாக இருப்பதால் அது உண்டாக்கும் காந்தப்புலம் எதிர்த்திசையில் சுழலும். செக்கிழுக்கும் மாட்டை எதிர்ப்பக்கம் ஒருவர் மெல்ல இழுத்துக்கொண்டே இருப்பது போன்றது அது. செக்கு நிற்காது, மாடு சோர்ந்துவிடும்.

இத்தனைக்கும் பேனல் மீட்டர் எதையும் காட்டவில்லையே என்றால், அதற்கும் காரணம் உண்டு. பழைய அம்மீட்டர்களும் மலிவான கிளாம்ப் மீட்டர்களும் அலையின் சராசரியை அளந்து, சைன் அலைக்குரிய 1.11 என்ற எண்ணால் பெருக்கிக் காட்டுபவை. அலை சைனாக இல்லாதபோது அந்தப் பெருக்கல் பொய்யாகிவிடும். மேற்படி ஆலையில் ஒரே டிரைவின் கேபிளில் இரண்டு கிளாம்ப் மீட்டரை அடுத்தடுத்து மாட்டியபோது பழையது 62 ஆம்பியர் என்றது, உண்மையான ஆர்.எம்.எஸ். (சூடாக்கும் திறனுக்குரிய மதிப்பு) காட்டும் மீட்டர் 84 என்றது. கேபிளும் பிரேக்கரும் சூடாவது அந்த 84-க்கு. ஆலைக்கு முதலில் வாங்க வேண்டிய கருவி எது என்று கேட்பவர்களுக்கு, அந்த இரண்டாவது மீட்டரையே சொல்கிறேன்.

கெப்பாசிட்டர் எப்படிக் கூட்டாளி ஆகிறது

இப்போது பிஸ்கட் டப்பாவுக்கு வருவோம். கெப்பாசிட்டரின் மறிப்பு அதிர்வெண் ஏற ஏறக் குறையும். ஏழாவது ஹார்மோனிக்குக்கு அது ஏழில் ஒரு பங்கு மறிப்பையே காட்டும். எனவே ஊரில் உள்ள ஹார்மோனிக் மின்னோட்டம் எல்லாம் எளிய வழியைத் தேடி அதற்குள்ளேயே பாயும். இது முதல் தொல்லை. இதைவிடப் பெரிய தொல்லை, டிரான்ஸ்பார்மரின் தூண்டல் குணமும் கெப்பாசிட்டரின் தேக்கும் குணமும் ஏதோ ஓர் அதிர்வெண்ணில் சமமாகி, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் ஒன்றையொன்று உந்திக்கொள்வது. இதை ஒத்ததிர்வு என்கிறோம். ஊஞ்சலில் சிறு தள்ளல் போதும். வீச்சு பெரிதாகிக்கொண்டே போகும்.

அது எந்த மடங்கில் நிகழும் என்பதை மின்னறையிலேயே கணக்கிட்டுவிடலாம். டிரான்ஸ்பார்மரின் குறுக்குச்சுற்றுத் திறனை (ஷார்ட் சர்க்யூட் ஆனால் அது தரக்கூடிய கே.வி.ஏ.வை) கெப்பாசிட்டரின் கே.வி.ஏ.ஆர். அளவால், அதாவது அது ஈடுகட்டும் பின்தங்கு திறனின் அளவால், வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் போதும். அந்த ஆலையின் டிரான்ஸ்பார்மர் 1000 கே.வி.ஏ., உள்மறிப்பு 5 விழுக்காடு. எனவே குறுக்குச்சுற்றுத் திறன் 1000-ஐ 0.05-ஆல் வகுத்து 20,000 கே.வி.ஏ. கெப்பாசிட்டர் பேனலில் 50 கே.வி.ஏ.ஆர். வீதம் பன்னிரண்டு ஸ்டெப்கள். எட்டாவது ஸ்டெப் ஏறும்போது மொத்தம் 400. இருபதாயிரத்தை நானூறால் வகுத்தால் 50. அதன் வர்க்கமூலம் 7.07. டிரைவ்கள் அள்ளிக் கொடுக்கும் ஏழாவது ஹார்மோனிக்கின் தலைமேலேயே போய் அது உட்கார்ந்துவிட்டது. ஏழாவது ஸ்டெப்பில் விடை 7.56, ஒன்பதாவதில் 6.67, அங்கெல்லாம் ஊஞ்சல் இவ்வளவு ஆடாது. எலக்ட்ரீஷியன் கணக்குப் போடாமலே சொன்னது அப்பழுக்கில்லாத உண்மை.

டிரைவ் போடுவதற்கு முன் இது ஏன் வரவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள். ஏழாவது ஹார்மோனிக் அப்போது அவ்வளவாக இல்லை; அதோடு பன்னிரண்டு ஸ்டெப்பும் பெரும்பாலான நேரம் ஏறியே இருந்தன. டிரைவ் வந்தபின் மோட்டாரின் பின்தங்கும் மின்னோட்டம் அதன் தேக்கத்துக்குப் பின்னால் மறைந்துகொள்வதால் கெப்பாசிட்டரின் தேவை குறைந்துவிட்டது. ரிலே ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஊசலாடத் தொடங்கியது. ஹார்மோனிக்ஸை மடங்கு வாரியாகப் பிரித்துக் காட்டும் அனலைசரை ஒரு ஸ்டெப்பில் மாட்டிப் பார்த்தபோது, அடிப்படை மின்னோட்டம் 62 ஆம்பியராக இருக்க, ஏழாவது மட்டும் 70 ஆம்பியர் இருந்தது; சேர்த்தால் 94. இத்தகைய கெப்பாசிட்டர்கள் தம் அளவைப்போல் 1.3 மடங்கு மின்னோட்டத்தைத் தொடர்ந்து தாங்கும் என்பது தரநிர்ணயம். இங்கே ஓடியது ஒன்றரை மடங்கு. மூடிய பேனலின் சூடும், ஒவ்வொரு முறை ஸ்டெப் ஏறும்போதும் பாயும் பல மடங்கு முதல் மின்னோட்டமும் சேர்ந்தபின் ஃபியூஸ் எப்படித் தாங்கும்?

பவர் ஃபேக்டர் 0.99 என்று மீட்டர் காட்டியதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. மின்னழுத்தத்துக்கும் அடிப்படை மின்னோட்டத்துக்கும் இடையேயான பின்தங்கலை மட்டும் பார்க்கும் மீட்டர் ஹார்மோனிக்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பின்தங்கலால் வரும் பவர் ஃபேக்டர் 0.98 ஆக இருக்கும் ஒரு டிரைவில் 80 விழுக்காடு சிதைவு இருந்தால் உண்மையான பவர் ஃபேக்டர் 0.77 அளவுக்கு இறங்கிவிடும். இந்த இறக்கத்தைக் கெப்பாசிட்டர் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. சேர்க்கச் சேர்க்க ஒத்ததிர்வைத்தான் விலைக்கு வாங்குவோம். தமிழ்நாட்டில் உயரழுத்த நுகர்வோரின் பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே இறங்கினால் கூடுதல் கட்டணம் உண்டு என்ற அச்சத்தில், பில் வந்த மறுநாளே கெப்பாசிட்டர் வாங்கக் கிளம்பிவிடுவது நம் ஆலைகளின் நெடுநாள் வழக்கம். டிரைவ்கள் இல்லாத காலத்தில் அது சரியான வழக்கமாகவும் இருந்தது.

விதி என்ன சொல்கிறது

மத்திய மின்சார ஆணையம் 2007-இல் வெளியிட்ட கிரிட் இணைப்பு விதிமுறைகள், இணைப்புப் புள்ளியில் மின்னழுத்தச் சிதைவு 5 விழுக்காட்டையும், அதில் தனியொரு ஹார்மோனிக் 3 விழுக்காட்டையும், மின்னோட்டச் சிதைவு 8 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்றன. தமிழ்நாட்டில் எல்லை மீறும் உயரழுத்த நுகர்வோரிடம் கட்டணத்தில் 15 விழுக்காட்டை இழப்பீடாக வாங்க மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைகள் இடம் தந்தன. உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஐ.ஈ.ஈ.ஈ. 519 என்ற தரநிர்ணயம் சற்று நுட்பமானது. கிரிட் வலுவாக உள்ள இடத்தில் சிறிய நுகர்வோருக்குத் தாராளமாகவும், வலு குறைந்த இடத்தில் பெரிய நுகர்வோருக்குக் கண்டிப்பாகவும் அது எல்லையை 5 முதல் 20 விழுக்காடு வரை வகுக்கிறது. அதே தண்ணீர்க் குழாயின் நியாயம்தான்: பெரிய குழாயில் சின்ன வீடு உறிஞ்சினால் யாருக்கும் தெரியாது.

அது அளவிடும் விதமும் கவனிக்கத்தக்கது. இரவு ஷிப்டில் அடிப்படை 100 ஆம்பியரும் ஹார்மோனிக் 35 ஆம்பியரும் இருந்தால் சிதைவு 35 விழுக்காடு. பகலில் 1000 ஆம்பியருக்கு 100 ஆம்பியர் என்றால் 10 விழுக்காடுதான். ஆனால் டிரான்ஸ்பார்மருக்கு வலிப்பது பகலில். அதனால் 519 ஹார்மோனிக் மின்னோட்டத்தை, அந்நேர மின்னோட்டத்தால் வகுக்காமல், ஆலையின் உச்சத் தேவை மின்னோட்டத்தால் வகுக்கச் சொல்கிறது. உச்சத் தேவை 1000 ஆம்பியர் என்றால் இரவின் அளவு 3.5 விழுக்காடாகச் சுருங்கிவிடும். இரவில் எடுத்த 35 என்ற எண்ணை மட்டும் காட்டிப் பெரிய ஃபில்டரை விற்க வருபவர்களும் உண்டு; எந்த நேரத்து அளவு என்று கேட்டுவிட வேண்டும்.

மருந்துகள்

மலிவானதும் முதலில் செய்ய வேண்டியதும் ஒவ்வொரு டிரைவின் முன்னாலும் ஒரு சோக் போடுவது. 3 விழுக்காடு மறிப்புள்ள சோக், 80 விழுக்காட்டுச் சிதைவை 40-க்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். டிரைவுக்குள் நேர்மின்னோட்டப் பக்கத்தில் பொருத்தப்படும் சோக்கும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். இரண்டு டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கும் பெரிய ஆலை, ஒன்றின் இரண்டாம் சுருளை ஸ்டார் இணைப்பிலும் மற்றதை டெல்டா இணைப்பிலும் அமைத்து டிரைவ் சுமையைச் சமமாகப் பிரித்துக் கொடுத்தால், 30 பாகை வேறுபாட்டால் ஐந்தாவதும் ஏழாவதும் உயரழுத்தப் பக்கத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கோவையின் வார்ப்பாலைகளில் ஓடும் இண்டக்‌ஷன் ஃபர்னஸ்களில் பன்னிரண்டு துடிப்பு ரெக்டிஃபயர் (மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் கருவி) வைப்பதும் இதே உத்திதான்.

ஆக்டிவ் ஃபில்டர் என்பது ஹார்மோனிக் மின்னோட்டத்தை நொடிக்கு நொடி அளந்து, அதற்கு நேர் எதிரான மின்னோட்டத்தைத் தானே உண்டாக்கிச் செலுத்தும் கருவி. வேலை நன்றாகச் செய்யும். விலையும் அதற்கேற்ப இருக்கும். சோக் போட்டு, கெப்பாசிட்டரைச் சரிசெய்து, அதற்குப் பிறகும் மீதமிருப்பதற்கு மட்டும் அதை வாங்கினால் தேவைப்படும் ஆம்பியர் அளவு வெகுவாகக் குறைந்துவிடும்.

கெப்பாசிட்டரைச் சரிசெய்வது என்றால் ஒவ்வொரு ஸ்டெப்புடனும் தொடரிணைப்பில் ஒரு ரியாக்டரை, அதாவது சோக்கைப் போன்ற ஒரு சுருளைச் சேர்ப்பது. 7 விழுக்காடு ரியாக்டர் சேர்ந்தால் அந்த ஸ்டெப்பின் சொந்த அதிர்வெண் 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அது ஐந்தாவது ஹார்மோனிக்கின் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால், எத்தனை ஸ்டெப் ஏறினாலும் ஊஞ்சல் 5, 7, 11 எதிலும் மாட்டாது. ரியாக்டர் சேர்ந்ததும் கெப்பாசிட்டரின் முனைகளில் மின்னழுத்தம் கூடும் என்பதை மறக்கக் கூடாது. 440 வோல்ட் பஸ்பாரில் அது 473 வோல்ட் ஆகிவிடும். ஆகவே 480 அல்லது 525 வோல்ட்டுக்குரிய கெப்பாசிட்டர்களை வாங்க வேண்டும். ரியாக்டர்கள் நன்றாகச் சூடாகும் என்பதால் பேனலுக்குக் காற்றோட்டமும் வேண்டும்.

எதையும் வாங்குவதற்கு முன் டிரான்ஸ்பார்மரின் தாழழுத்த இன்கமரில் (மின்சாரம் பேனலுக்குள் வரும் பிரதான இணைப்பில்) அனலைசரை ஒரு வாரம் மாட்டிவைத்து, பத்து நிமிடச் சராசரிகளாக 1008 பதிவுகளை எடுப்பது முறையான வழி. வார விடுமுறையும் மூன்று ஷிப்டும் ஜெனரேட்டர் ஓடிய நேரமும் அதற்குள் வந்துவிடும். கெப்பாசிட்டர்களை முழுவதும் விலக்கி ஒருமுறையும், ஒவ்வொரு ஸ்டெப்பாக ஏற்றி ஒருமுறையும் அளந்தால் ஒத்ததிர்வு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும். விலக்கிய ஸ்டெப்பைத் திரும்ப ஏற்றுவதற்கு முன் அது வடிந்து முடியக் குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும்.

அந்த ஆலையில் அளவீடு முடிந்து பட்டியல் போட்டபோது நிர்வாகி ஒரு யோசனை சொன்னார். பன்னிரண்டில் ஆறு ஸ்டெப்புக்கு மட்டும் இந்த ஆண்டு ரியாக்டர் போடலாம், மற்ற ஆறு பழைய கெப்பாசிட்டர்களும் கூடவே ஓடட்டும், அடுத்த ஆண்டு அவற்றையும் மாற்றிக்கொள்ளலாம் என்றார். செலவைப் பார்த்தால் நியாயமான யோசனைதான். ஆனால் ஒரே பஸ்பாரில் ரியாக்டர் இல்லாத ஆறு ஸ்டெப்கள் நிற்கும்வரை அவை டிரான்ஸ்பார்மரோடு சேர்ந்து எப்போதும்போல் ஒத்ததிர்ந்துகொண்டே இருக்கும். வாங்கிய ஆறு ரியாக்டர்களால் அதைத் தடுக்க முடியாது. டிரைவ் வந்தபின் ஆலைக்குப் பன்னிரண்டு ஸ்டெப் தேவையும் இல்லை. ஆகவே பழைய பன்னிரண்டையும் கழற்றிவிட்டு, ரியாக்டரோடு கூடிய ஒன்பது ஸ்டெப்களை மட்டும் வைத்தோம்.